இச்சாப்பூர் ரைபிளும் என் மாப்பிள்ளையும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாரக்பூரில் பனி இன்னும் விலகவில்லை. வீட்டில் டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் போன் அடித்தது. அமெரிக்காவில் இருக்கும் பெரிய மாப்பிள்ளை. அங்கே அப்போது சனிக்கிழமை இரவு.

"மாமா, இச்சாப்பூர் உங்க ஊருக்குப் பக்கம்தானே?"

"பக்கம்தான் மாப்பிள்ளை. லோக்கல்ல ரெண்டாவது ஸ்டேஷன். எதுக்குக் கேக்கறீங்க?"

"இங்க ஒரு கடையில பழைய ராணுவ ரைபிள் ரெண்டு இருக்கு. ஒண்ணுல இச்சாப்பூர்னே எழுதியிருக்கு. இன்னொண்ணுல ஆர்.எஃப்.ஐ.ன்னு போட்டிருக்கு. ஒண்ணு வாங்கலாம்னு ஆசை. பையனும் கூட வந்து சுடணும்னு குதிக்கறான். எது நல்லதுன்னு சொல்ல முடியுமா?"

பையன் என்றால் என் பேரன். வயது பன்னிரண்டு. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எனக்குக் காப்பி ருசிக்கவில்லை.

நான் துப்பாக்கி நிபுணன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இயந்திரவியல் டிப்ளமா முடித்து, வங்காளத்துக்கு வந்து, காஞ்ச்ராபாரா ரயில்வே பணிமனையில் சக்கரத்தோடும் அச்சோடும் காலம் தள்ளியவன். ஆனால் தினமும் பாரக்பூரில் லோக்கல் ஏறினால் பல்தா, அடுத்தது இச்சாப்பூர். காலை ஷிப்டுக்குப் போகும் ரைபிள் ஃபாக்டரிக்காரர்களோடு தொங்கிக்கொண்டே போன வருஷங்கள் நிறைய. எங்கள் தெருவிலேயே அந்த ஆலையில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாலை வேளைகளில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், ஒரு பழைய இரும்புச் சாமானை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ரயில்வே எனக்குக் கற்றுத் தந்ததையும் சேர்த்துத்தான் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதி வீட்டுப் பிள்ளைகள் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது உபயோகப்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டம் முதலில்

இந்தியாவில் இருக்கும் நமக்கு இது கேள்வியே இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் .303, 7.62 போன்ற குழல் அளவுகள் தடை செய்யப்பட்ட வகை. உரிமம் உள்ளவர்களும் சாதாரணமாக வாங்க முடியாது. அதற்காகவே .315 என்ற வேறு அளவில் பொதுமக்களுக்கான ரைபிளை அரசு ஆலைகள் செய்தன. 2019இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே பழைய ராணுவ ரைபிள்களைச் சேகரிப்பது, நாம் பழைய நாணயம் சேர்ப்பது போல ஒரு பொழுதுபோக்கு. 1968ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு ராணுவ உபரியை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1980களில் அந்தத் தடை பழம்பொருள் வகைக்குத் தளர்ந்தது. இந்திய ரைபிள்கள் அங்கே கடைக்கு வந்தது அப்படித்தான். ஆனால் ஒன்று: வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ போயிருக்கும் பிள்ளைகள், சில விதிவிலக்குகள் தவிர, அங்கே துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். நண்பன் வாங்கினான், நானும் வாங்கினேன் என்று போகக் கூடாது. என் மாப்பிள்ளை அந்நாட்டுக் குடிமகன். அதனால்தான் மேலே பேசினேன்.

எங்கிருந்து வந்தவை?

இந்த ரைபிளின் குடும்பப் பெயர் லீ-என்ஃபீல்டு. போல்ட்டையும் தோட்டாப் பெட்டியையும் வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் பெயரும், இங்கிலாந்தில் ஆலை இருந்த என்ஃபீல்டு என்ற ஊரின் பெயரும் சேர்ந்தது. 1895இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. நாம் அதிகம் பார்த்த வடிவம் 1907இல் வந்த மூன்றாம் மார்க். முதல் உலகப் போரில் அதையே கொஞ்சம் எளிமையாக்கி மூன்றாம் மார்க் நட்சத்திரம் என்றார்கள். 1857இல் எங்கள் பாரக்பூரில் மங்கள் பாண்டே காலத்துக் கொழுப்புத் தோட்டா விவகாரத்தில் அடிபட்டதும் என்ஃபீல்டு என்ற பெயர்தான். அது வாய்வழியே மருந்து இடிக்கும் பழைய ரகம். ஊர்ப் பெயர் மட்டும் ஒன்று.

இச்சாப்பூரில் முதலில் இருந்தது கம்பெனி காலத்து வெடிமருந்து ஆலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரைபிள் ஆலை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் .303 ரைபிளை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே வடிவத்தில், ஆனால் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக, 2ஏ, 2ஏ1 என்ற ரகங்களைப் புதிதாகச் செய்தார்கள். ராணுவம் கைவிட்ட பிறகும் .303 போலீசில் வெகுகாலம் ஓடியது. 2008 நவம்பர் 26 அன்று மும்பை சி.எஸ்.டி. நிலையத்தில் ரயில்வே காவலர் கையில் இருந்ததும் அதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. எண்பது, நூறு வயது வரை உழைத்த இயந்திரம் என்பதை மறக்கக் கூடாது. அதே காரணத்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது.

கண்ணால் பார்த்துச் சான்று கொடுக்காதே

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால்தான் மேலே வருவது புரியும். ஒரு சரக்கு வண்டிச் சக்கர ஜோடியைப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று சாக்பீஸால் குறி போட்டுவிட்டேன். தேய்த்துக் கழுவி, பார்க்கப் புதிதுபோல் இருந்தது. ஃபோர்மேன் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து கேஜை எடுத்து சக்கரத்தின் விளிம்பில் வைத்தார். விளிம்பின் தடிமன் 16 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்தச் சக்கரம் ஓடக்கூடாது. என் சக்கரம் அதற்குக் கீழே. "பளபளப்பு எல்லாருக்கும் தெரியும் தம்பி, தேய்மானம் கேஜுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். அன்று கற்ற பாடம்தான் இந்த ரைபிள் விஷயத்திலும் எனக்குக் கைகொடுத்தது.

ரைபிளில் ஆபத்து இன்னும் அதிகம். நாங்கள் பெருமையாகப் பேசும் டபிள்யூ.பி. நீராவி இன்ஜினின் பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. இந்தத் தோட்டா வெடிக்கும்போது குழலின் அடியில் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நாற்பதாயிரம் பவுண்டுக்கும் மேல். ஏறக்குறைய இருநூறு மடங்கு. அந்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால்தான் சுடுபவரின் கண் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு நான் சொன்ன வரிசை

ஒன்று: காலியா என்று பார். எதைத் தொடுவதற்கு முன்னும் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். கடைக்காரர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நாமும் பார்க்க வேண்டும். ரயில்வேயில் லைன் பிளாக் வாங்காமல் தண்டவாளத்தில் கை வைப்பதில்லை அல்லவா, அதுபோல.

இரண்டு: முத்திரையைப் படி. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தின் வலப்பக்கம்தான் இதன் ஜாதகம். கிரீடமும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்தும் இச்சாப்பூர் என்ற பெயரும் இருந்தால் வெள்ளைக்காரன் காலம். அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் இருந்தால் சுதந்திரத்துக்குப் பின். ஆண்டும் ரகமும் அங்கேயே இருக்கும். 2ஏ1 என்றிருந்தால் அது 7.62. தோட்டாப் பெட்டி சதுரமாக, பன்னிரண்டு தோட்டா பிடிப்பதாக இருக்கும். .303 ரைபிளின் பெட்டி பத்து தோட்டா. சில கடைக்காரர்கள் 2ஏ1ஐ, ".303 ரைபிளைத் திருத்திச் செய்தது, பலம் போதாது" என்பார்கள். அது தவறு. அதற்கென்று தனி எஃகில் புதிதாகவே செய்தது.

தவிர்க்க வேண்டிய முத்திரைகளும் உண்டு. டி.பி. என்றால் பயிற்சிக் கவாத்துக்கு மட்டும். சுடக்கூடாதென்று ராணுவமே ஒதுக்கியது. சிலவற்றில் குழலில் துளை போட்டு, பிறகு யாரோ அடைத்தும் இருப்பார்கள். இ.ஒய். என்றால் அவசரத்துக்கு மட்டும். பெரும்பாலும் கையெறி குண்டு வீசப் பயன்பட்டு அடி வாங்கியது. முன்கட்டையைச் சுற்றிக் கம்பி வரிந்திருந்தாலும் அதே வேலைக்குப் போனது என்று பொருள். போலீஸ் காவலுக்காக .303 ரைபிளையே வழவழப்பான குழலாக்கி, ஒரே தோட்டா போடும்படி .410 என்று மாற்றியதும் இச்சாப்பூரில் நடந்தது. வெளிப்பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பிதான். எந்தத் தோட்டாவுக்கு உரியது என்று உறுதியாகத் தெரியாமல் ஒன்றையும் உள்ளே போடக் கூடாது.

மூன்று: எண்களை ஒப்பிடு. போல்ட் கைப்பிடியின் பின்புறம் ஓர் எண் இருக்கும். உடம்பின் முன்வளையத்திலும், குழலிலும், மூக்கு மூடியிலும், குறிபார்க்கும் பட்டையிலும் அதே எண் இருக்க வேண்டும். போல்ட்டின் எண்தான் முக்கியம். ஆலையில் ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த உடம்புக்குப் பொருத்தி, தட்டி, தேய்த்துச் சேர்ப்பார்கள். லீ-என்ஃபீல்டில் போல்ட்டைத் தாங்கும் இரண்டு பூட்டுகளும் பின்பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே சமமாக உட்கார வேண்டும். வேறு ரைபிளின் போல்ட்டைக் கொண்டுவந்து சொருகினால் ஒரு பக்கம் மட்டும் தாங்கும். பணிமனையில் பேரிங் சரியாக உட்காருகிறதா என்று புளூ பூசிப் பார்ப்போமே, அதே சோதனைதான் இதற்கும். பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண் குத்தியிருந்தால் பயப்பட வேண்டாம். ராணுவப் பணிமனை முறையாகப் பொருத்தியதாக இருக்கலாம். ஆனாலும் அளந்துதான் பார்க்க வேண்டும்.

நான்கு: மரத்தைப் பார். ஏமாற்று வேலை நடப்பது இங்கேதான். மணல்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் பழைய கட்டை புதிதாகிவிடும். கூடவே மரத்தில் குத்தியிருந்த முத்திரைகளும் மறைந்துவிடும். சேகரிப்பவர்கள் கண்ணில் அதனால் மதிப்பு குறையும். முன்கட்டையின் பின்முனையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் அது குழலைச் சரியாகத் தாங்காது. இந்திய ரைபிள்களில் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு இருக்கும். யாரோ ஒட்டுப்போட்ட வேலை என்று நினைக்க வேண்டாம். கட்டை பிளக்காமல் இருக்க இச்சாப்பூரிலேயே போட்டது. சேகரிப்பவர்கள் அதை இச்சாப்பூர் திருகு என்றே சொல்கிறார்கள்.

முடிந்தால் முன்கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். வெளியே தெரியும் இரும்பைத் துடைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் பாதிக் குழலில் துரு அரித்த குழிகள் இருந்தால், கழற்றாமல் தெரியாது. இன்னொரு எச்சரிக்கை: பழைய மூன்றாம் மார்க்கில் முன்கட்டையைக் கழற்றுவதற்கு முன் பின்கட்டையின் நீண்ட போல்ட்டைத் திருகக் கூடாது. அந்தப் போல்ட்டின் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டில் பிடித்திருக்கும். பலமாகத் திருகினால் நல்ல கட்டையை நாமே பிளந்துவிடுவோம்.

ஐந்து: குழலுக்குள் பார். போல்ட்டை எடுத்துவிட்டு, வாய்ப்பக்கம் வெளிச்சம் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கலாம். .303 குழலில் பெரும்பாலும் ஐந்து சுருள் வரிகள் இடப்பக்கமாகச் சுற்றிப் போகும். முதலில் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். உபரிச் சாமான்கள் கிரீஸில் தோய்ந்து வரும். கிரீஸ் குறையையும் மறைக்கும், நல்ல குழலையும் கறுப்பாகக் காட்டும். குழல் மங்கலாக இருப்பது பெரிய குறை அல்ல. வரிகளின் ஓரம் கூர்மையாக இருந்தால் நன்றாகவே சுடும். நடுவில் எங்காவது கறுத்த மோதிரம் போல ஒரு வளையம் தெரிந்தால் மட்டும் அப்படியே வைத்துவிட்டு வர வேண்டும். குழல் உள்ளே உப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

குழல்வாயையும் பார்க்க வேண்டும். சிப்பாய்கள் கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழுத்துச் சுத்தம் செய்வார்கள். கயிறு ஒரே பக்கம் உரசி உரசி வட்டமான வாய் முட்டை வடிவமாகிவிடும். கிணற்றடிக் கல்லில் தாம்புக்கயிறு பள்ளம் போடுவதில்லையா? குண்டு கடைசியாக விடைபெறும் இடம் அது. அங்கே கோணினால் குறி தவறும்.

ஆறு: விசையும் பாதுகாப்புப் பிடியும். காலி ரைபிளை ஏற்றி வைத்து, பாதுகாப்புப் பிடியைப் போட்டு விசையை இழுத்தால் ஒன்றும் நகரக் கூடாது. பிடியை எடுத்தபின் பின்கட்டையை உள்ளங்கையால் தட்டினால் தானாக விழக் கூடாது. ராணுவ விசை இரண்டு படியாக இழுபடும். முதல் படி தளர்வாக இருப்பது குறை அல்ல.

ஏழு: கேஜ். மற்ற ஆறும் தேறினாலும் இதில் தேறாவிட்டால் வேண்டாம்.

அந்த நூறில் ஒரு பங்கு அங்குலம்

.303 தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. குழலின் பின்முகத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் அந்த விளிம்பு உட்கார ஓர் இடைவெளி வேண்டும். இடைவெளி குறைந்தால் போல்ட் மூடாது. அதிகமானால், வெடிக்கும்போது கூட்டின் முன்பகுதி அறையின் சுவரில் ஒட்டிக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னால் தள்ளப்படும். பித்தளை நீளும், மெலியும், ஒருநாள் அறுந்துபோகும். அறுந்தால் அந்த நாற்பதாயிரம் பவுண்டு வாயு வெளியேற வழி தேடும். சுடுபவரின் முகம் அந்தப் பக்கம்தான்.

இதை அளக்க, விளிம்பின் வடிவத்திலேயே கடினமான எஃகில் இரண்டு கேஜ்கள் இருக்கின்றன. 0.064 அங்குலக் கேஜில் போல்ட் மூட வேண்டும். 0.074 அங்குலக் கேஜில் மூடவே கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அளக்கும்போது போல்ட்டிலிருந்து ஊசியையும் கூடு இழுக்கும் கொக்கியையும் கழற்றிவிட்டு, விரல் நுனியால் மெதுவாகத்தான் மூட வேண்டும். பலம் கொடுத்தால் கேஜும் பொய் சொல்லும். 7.62 தோட்டாவுக்கு இப்படி விளிம்பு கிடையாது. அது தோள்பட்டையில் உட்காரும். அதற்குக் கேஜ் வேறு. ஒன்றின் கேஜை மற்றதில் போடக் கூடாது.

பிறகு வந்த நான்காம் மார்க் ரைபிளில் போல்ட்டின் தலையை 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் செய்து, தேய்ந்தால் அடுத்த எண்ணை மாட்டிச் சரிசெய்ய வழி வைத்தார்கள். பழைய மூன்றாம் மார்க்கில் அப்படி எண்ணிட்ட தலைகள் கிடையாது. தேடிப் பொருத்த வேண்டும். அது துப்பாக்கி பழுது பார்ப்பவரின் வேலை. நம் வேலை அல்ல.

நடந்தது என்ன?

மாப்பிள்ளை மறுநாளே போய் முப்பத்தெட்டு படங்கள் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். நானும் பெரியவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

முதல் ரைபிள் 1942ஆம் வருஷத்தது. .303. பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. புது வார்னிஷ், கண்ணாடி போலக் கட்டை. மாப்பிள்ளையின் மனசு அதில்தான். ஆனால் மரத்தில் ஒரு முத்திரையும் இல்லை. போல்ட்டில் ஓர் எண், உடம்பில் வேறு எண். இரண்டாவது 2ஏ1, 1966ஆம் வருஷம். கறுப்புப் பெயிண்ட் அங்கங்கே உதிர்ந்து, கட்டையில் தழும்புகளோடு, யார் வீட்டு மூலையிலோ கிடந்த மாதிரி இருந்தது. எண்கள் எல்லாம் ஒத்துப்போயின. இச்சாப்பூர் திருகு இருந்தது.

"கடைக்காரர் முதல் ரைபிளே போதும்ங்கறார் மாமா. ராணுவத்துல ஓடினது, ஒண்ணும் ஆகாதுங்கறார்."

"ஓடினதுன்னுதான் மாப்பிள்ளை பயம். ரெண்டையும் கேஜ் வெச்சிருக்கறவர்கிட்ட காட்டுங்க. அவர் கூலிதான் இதுல ரொம்ப மலிவு."

நல்லவேளை, கடைக்காரர் அதற்குச் சம்மதித்தார். பழுது பார்ப்பவர் முதல் ரைபிளில் 0.074 கேஜை வைத்தார். மூடக் கூடாத போல்ட், தன் வீட்டுப் பூட்டில் சாவி திரும்புவதுபோல் மூடிக்கொண்டது. அவர் ஒன்றும் பேசவில்லையாம். ரைபிளைத் திருப்பிக் கொடுத்தாராம். இரண்டாவது, அதற்குரிய கேஜ்களில் சரியாக நின்றது. குழல் கொஞ்சம் மங்கல், வரிகள் கூர்மை. மாப்பிள்ளை அதை வாங்கினார்.

அன்று இரவு என் மகள் தனியாகப் பேசினாள். "அப்பா, அந்த முதல் ரைபிளைத்தான் பையன் கையில் கொடுத்துப் பார்க்க இருந்தார்" என்றாள். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கிய பிறகு

2ஏ1க்கு ராணுவ 7.62 அளவில் செய்த தோட்டாதான் உரியது. கடைகளில் கிடைக்கும் .308 வேட்டைத் தோட்டா வெளி அளவில் அதேபோல் இருக்கும். உள்ளே போய் உட்காரவும் செய்யும். ஆனால் இரண்டின் அறை அளவுகளும் அழுத்த வரம்புகளும் ஒன்றல்ல. பழைய ரைபிளுக்கு அதிகப் பளு ஏற்றுவது வயதானவர் தலையில் மூட்டை வைப்பது போல. வேண்டாம் என்றேன்.

பழைய உபரித் தோட்டாக்களில் இன்னொரு தொல்லை. அவற்றின் தீப்பொறி மருந்தில் ஓர் உப்பு உண்டு. சுட்ட பிறகு அது குழலில் தங்கிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் அந்தக் காலச் சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலில் கொதிக்கும் நீர் ஊற்றினார்கள். கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய். நல்ல குழல்கள் பல கெட்டது சுட்டதால் அல்ல, கழுவாததால்.

முதல் நாள் மாப்பிள்ளை மட்டும் போய் ஐந்து தோட்டா சுட்டுவிட்டு, காலிக் கூடுகளைப் படம் எடுத்து அனுப்பினார். அடிக்கு மேலே கூட்டைச் சுற்றிப் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் பித்தளை நீள்கிறது என்று பொருள். ஐந்திலும் இல்லை. அதன் பிறகுதான் பேரன் போனான், காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு.

கோடை விடுமுறைக்கு அவர்கள் இங்கே வரும்போது பெட்டி கட்டும் முன் எல்லாப் பைகளையும் உதறிப் பார்க்கச் சொன்னேன். துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கொண்டுபோன பையின் மூலையில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் நம் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்குதான். இதை வெளிநாட்டுப் பிள்ளைகளுள்ள எல்லாப் பெற்றோரும் சொல்லிவைப்பது நல்லது.

இத்தனையும் ஆன பிறகு ஒரு மாலை, அந்த 1966 முத்திரையின் படத்தைப் பெரியவரிடம் மறுபடி காட்டினேன். ஆலை 2021 அக்டோபரிலிருந்து ஒரு புதிய அரசுக் கம்பெனியின் கீழ் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னச் சிங்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த வருஷம் அவர் வேலையில் இருந்தார்.

"உங்கள் கை பட்டதாகக்கூட இருக்கலாம் தாதா. அன்றைக்கு நீங்கள் பாஸ் போட்டது இன்றைக்கும் நிற்கிறது" என்றேன் வங்காளியில்.

அவர் தலையை ஆட்டினார். "நாங்கள் போட்ட பாஸ் அந்த ஒரு நாளைக்குத்தான். இன்றைக்கு நிற்கிறது என்று சொன்னது உன் மாப்பிள்ளை வைத்துப் பார்த்த கேஜ்" என்றார்.

என் பழைய ஃபோர்மேனும் அதைத்தான் சொல்லியிருப்பார்.